இலத்தூருக்கு மேலே ஐந்து கிலோமீட்டர்

சென்னை விமான நிலையத்துக்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் இடையே வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டுவதற்குச் சற்று முன்பு அந்தக் கோடு செங்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள இலத்தூரை ஒட்டிப் போகும். விமானங்கள் எப்போதும் அளவுகோல் வைத்ததுபோல் பறப்பதில்லை. காற்று, நெரிசல், இறங்கும் திசை ஆகியவற்றைப் பொறுத்து வழி மாறும். ஆனாலும் தென்காசிச் சீமையின் வானம் அந்தப் போக்குவரத்தின் ஒரு பகுதிதான். திருவனந்தபுரத்தில் கிளம்பி வடகிழக்கே ஏறிவரும் ஜெட் விமானம் இலத்தூர் வாக்கில் வரும்போது ஓடுதளத்திலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. கடந்திருக்கும். அந்த நேரத்தில் அதன் உயரம் பெரும்பாலும் 15,000 அடிக்கும் 20,000 அடிக்கும் இடையில் இருக்கும். காற்றின் வெப்பநிலை 0 டிகிரிக்கு இறங்கும் உயரமும் அதுவேதான்.

விமானத்தில் பனிக்கட்டி படிகிறது என்றால் நமக்குக் காஷ்மீர் நினைவுக்கு வரும். ஐரோப்பாவின் விமான நிலையங்களில் இறக்கைமேல் மருந்து தெளிக்கும் வண்டிகள் நினைவுக்கு வரும். நெல்லும் தென்னையும் விளையும் ஊருக்கு அந்தப் பேச்சே பொருந்தாது என்று தோன்றும். ஆனால் மே மாதப் பிற்பகலில் வயல்வெளி 37 டிகிரியில் காய்ந்துகொண்டிருக்கும்போதும், தலைக்கு நேர்மேலே ஐந்து கிலோமீட்டரில் தண்ணீர் உறையும் குளிர் இருக்கிறது. தென்காசியிலிருந்து குற்றாலம் எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தக் குளிருக்குள் எந்த மேகம் ஏறுகிறது, எந்த மேகம் ஏறாமல் நின்றுவிடுகிறது என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. அதைக் கண்டுகொள்ள இந்த ஊர்க்காரர்களுக்குக் கருவிகூடத் தேவையில்லை, பெரும்பாலும் காது போதும் என்பது என் வாதம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த ஐந்து கிலோமீட்டர் எப்படித் தெரியவந்தது என்று பார்ப்போம். இந்திய வானிலை ஆய்வுத் துறை நாட்டின் பல இடங்களிலிருந்து நாள்தோறும் பலூன் பறக்கவிடுகிறது. நமக்கு அருகில் திருவனந்தபுரத்தில் அத்தகைய நிலையம் உண்டு. உலகம் முழுவதும் ஒரே நேரக் கணக்கு. நம் கடிகாரத்தில் அது காலை 5.30, மாலை 5.30. பலூனின் அடியில் தொங்கும் ரேடியோசோண்ட் என்ற சிறு பெட்டி, ஏறும் வழியெல்லாம் வெப்பநிலை, ஈரம், காற்றழுத்தம் ஆகியவற்றை அளந்து வானொலி அலையில் கீழே அனுப்பிக்கொண்டே போகும். இத்தகைய வானிலைக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து தருவிக்காமல் இங்கேயே செய்ய வேண்டும் என்று புணேயில் உழைத்தவர்களில் முதன்மையானவர் அன்னா மணி. 1918-இல் பிறந்த அவர் பீர்மேட்டுக்காரர். செங்கோட்டைக்கு வடக்கே, இதே மலைத்தொடரில் இருக்கும் ஊர் அது.

பலூன் நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறும். கிளம்பிய கால் மணி நேரத்துக்குச் சற்றுப் பின் அது 0 டிகிரியைத் தொடும். தென்கோடியில் இந்த உயரம் ஆண்டு முழுவதும் 5 கி.மீ. அருகிலேயே, அதாவது 16,000 அடியை ஒட்டியே இருக்கிறது. வட இந்தியாவில் குளிர்காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் இது வெகுவாக ஏறி இறங்கும். இங்கே கோடை, சாரல், அடைமழை என்று கீழே என்ன மாறினாலும் அது பெரிதாக அசைவதில்லை. அங்கிருந்து மேலே போகப் போக, ஏறத்தாழ 22,000 அடியில் மைனஸ் 10, 27,000 அடியில் மைனஸ் 20. ஜெட் விமானம் நிலையாகப் பறக்கும் 35,000 அடியில் மைனஸ் 40.

இங்கே ஒரு கேள்வி எழும். மைனஸ் 10 டிகிரியில் மேகத்திலிருக்கும் தண்ணீரெல்லாம் ஏற்கெனவே பனியாகியிருக்க வேண்டுமே? பனித்துகள் குளிர்ந்த இறக்கையில் மோதினால் தெறித்து ஓடிவிடும், ஒட்டாது. அப்புறம் ஆபத்து எங்கிருந்து வருகிறது?

மேகத்துளி 0 டிகிரியில் உறைந்துவிடுவதில்லை என்பதே விடை. தண்ணீர் பனியாக மாற, முதல் படிகத்துக்கு ஒரு பிடிமானம் வேண்டும். குளம் குட்டைகளில் அழுக்கும் கரையும் கல்லும் அந்தப் பிடிமானத்தைத் தருகின்றன. மேகத்துளியோ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அகலமே கொண்டது. அத்தனை சிறிய துளிக்குள் பனியைத் தொடங்கிவைக்கத் தக்க தூசி இருப்பது அபூர்வம். சில வகைக் களிமண் துகள்கள், சில பாக்டீரியாக்கள் அந்த வேலையைச் செய்யும். மற்ற தூசிகளால் முடியாது. அதனால் கோடிக்கணக்கான துளிகள் மைனஸ் 5, மைனஸ் 10, மைனஸ் 15 டிகிரியிலும் தண்ணீராகவே மிதக்கின்றன. இதை மீக்குளிர்ந்த நீர் என்கிறார்கள். துணையே இல்லாமல் துளி தானாக உறைய மைனஸ் 38 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். இது ஆய்வகத்தில் மட்டும் நடப்பதன்று. டேனியல் ரோசன்ஃபெல்டும் வில்லியம் உட்லியும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இடிமேகங்களுக்குள் விமானத்தில் புகுந்து, மைனஸ் 37.5 டிகிரியில் திரவ நீரை அளந்தார்கள். 2000-ஆம் ஆண்டு அந்த முடிவு வெளியானது.

இப்படி உறையத் தருணம் பார்த்துக் காத்திருக்கும் துளிமேல் விமானத்தின் இறக்கை மோதுகிறது. துளிக்கு வேண்டிய பிடிமானம் கிடைத்துவிட்டது. மோதிய இடத்திலேயே அது பனியாகிறது.

எப்படிப்பட்ட பனி என்பதை ஒரு சின்னக் கணக்கு தீர்மானிக்கிறது. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும்; ஒரு கிராமுக்கு 80 கலோரி. மைனஸ் 8 டிகிரியில் இருக்கும் துளி இறக்கையில் பட்டதும் உறையத் தொடங்கும். பத்தில் ஒரு பங்கு உறைவதற்குள் வெளிவந்த வெப்பமே மீதித் துளியை 0 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். எஞ்சிய ஒன்பது பங்குத் தண்ணீர் உடனே உறைய வழியில்லை. அது இறக்கைமேல் பின்னோக்கி வழிந்து, காற்றில் குளிர்ந்து குளிர்ந்து உறையும். கண்ணாடிபோல் தெளிவாக, கனமாக, இறக்கையோடு இறுகப் பிடித்துக்கொள்ளும் பனி இப்படித்தான் உண்டாகிறது. துளி சிறியதாகவும் குளிர் மைனஸ் 15, 20 டிகிரியாகவும் இருந்தால் பட்ட இடத்திலேயே உறைந்து, இடையில் காற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு, பால்போல் வெளுத்துச் சொரசொரப்பாகப் படியும். இரண்டில் முதலாவதே கொடியது. 0 டிகிரிக்குச் சற்றே கீழே, மிதமான குளிரில் உண்டாகும் பனி, கடுங்குளிரில் உண்டாகும் பனியைவிட ஆபத்தானது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. வெப்பநாட்டு மேகங்களில் அந்த மிதமான குளிர் அடுக்கில்தான் தண்ணீர் ஏராளம்.

எங்கே படியும் என்பதையும் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே கணக்கிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் இர்விங் லாங்மியூரும் கேத்தரின் பிளாட்ஜெட்டும் பறக்கும் பொருளைச் சுற்றித் துளிகள் எந்தப் பாதையில் போகும் என்று ஆராய்ந்தார்கள். பருமனான பொருள் தனக்கு முன்னால் காற்றை வெகுதூரத்துக்கு விலக்கிவிடும். சிறு துளிகள் அந்தக் காற்றோடு சேர்ந்து ஒதுங்கிப் போய்விடும். மெல்லிய பொருள் காற்றை அவ்வளவு விலக்காது; துளிகள் நேராக வந்து மோதும். ஆகவே தடித்த இறக்கையைவிட மெல்லிய வால்பகுதியிலும், வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயிலும், கண்ணாடித் துடைப்பானின் தண்டிலும் பனி முதலில் சேரும். சுழலிறகுகளால் பறக்கும் சில டர்போபிராப் விமானங்களில் விமானியின் ஜன்னலுக்கு வெளியே ஒரு மெல்லிய தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கை இன்னும் சுத்தமாகத் தெரியும்போதே அதில் வெள்ளை ஏறும், அதுவே எச்சரிக்கை.

பனியின் எடைதான் விமானத்தை வீழ்த்துகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எடை பெரிய விஷயமில்லை. இறக்கையின் முன்விளிம்பில் உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பு ஏறினாலே அதன் மேல் வழுக்கிச் செல்ல வேண்டிய காற்று முன்கூட்டியே பிய்த்துக்கொண்டு விலகும். தூக்கும் விசை குறைகிறது, இழுவை கூடுகிறது. விமானி தன் அனுபவத்தில் பத்திரமானது என்று அறிந்துவைத்திருக்கும் வேகம் அன்றைக்குப் பத்திரமானதாக இருப்பதில்லை.

இப்போது தென்காசி மேகங்களுக்கு வருவோம்.

ஜூன் பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்குகிறது. குற்றாலத்தின் ஐந்தருவியிலும் பேரருவியிலும் தண்ணீர் கொட்டும். சீசன் தொடங்கிவிட்டது என்று கடைகள் களைகட்டும். வானம் பார்க்கவே குளிர்ந்து கறுத்திருக்கும். நெடுநாள் அரைவெளிச்சம், முகத்தில் படும் நுண்துளி. பனிப்படிவுக்கு ஏற்ற வானம் இதுவே என்று யாரும் நினைப்பார்கள். உண்மை நேர் எதிர். சாரல் மேகம் பெரும்பாலும் குட்டையான மேகம். அரபிக்கடலின் ஈரக்காற்று கேரளச் சரிவில் ஏறி மழையைக் கொட்டிவிட்டு, மிச்சத்தைக் கணவாய் வழியே இந்தப் பக்கம் சிந்துகிறது. அதன் உச்சி பெரும்பாலான நாட்களில் மூன்று, நான்கு கிலோமீட்டரோடு நின்றுவிடும். 0 டிகிரி உயரத்தை அது தொடுவதே இல்லை.

ஏன் உயரமாக வளர்வதில்லை? ஜூலையில் தென்னிந்தியாவின் மேல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து ஒரு வேகக்காற்று ஓடுகிறது. பி. வி. ஜோசஃப், பி. எல். ராமன் இருவரும் 1966-இல் அதைப் பற்றி எழுதினார்கள். அதே மாதங்களில் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் நேர் எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து, இன்னொரு வேகக்காற்று. பி. கோடீஸ்வரம் 1958-இல் உலகுக்கு அறிவித்த கீழைக்காற்று ஓட்டம் அது. கீழே ஒரு திசை, மேலே ஒரு திசை என்று இழுக்கும் வானத்தில் நெடிய மேகக்கோபுரம் நிமிர்ந்து நிற்பது கடினம். போதாக்குறைக்கு நடுவானில் வறண்ட காற்று. எனவே சாரல் மேகத்தில் மழை பிறப்பது முழுக்க முழுக்கத் தண்ணீர் வழியில்தான்: கடல் உப்புத் துகள்மேல் வளர்ந்த பெரிய துளிகள் சின்னத் துளிகளை விழுங்கிக் கனத்து விழுகின்றன. பனிக்கு அதில் பங்கில்லை. அரபிக்கடலில் பருவக்காற்று மிக வலுத்திருக்கும் நாட்களில் ஆழமான மேகங்களும் வருவதுண்டு. அவை வந்தால் சாரலின் குணமே மாறிவிடும்.

மே மாத மேகம் வேறு சாதி. காலையில் தெளிந்த வானம், பிற்பகலில் மலைமேல் வெள்ளைக் குவியல், நாலு மணிக்குள் கறுத்த கோபுரம். தரைச்சூடும் கடலிலிருந்து வரும் ஈரமும் மலைச்சரிவும் சேர்ந்து காற்றை விசையோடு மேலே தள்ளுகின்றன. தடுக்க மேலே வேகக்காற்று இன்னும் முழுதாக வந்துசேரவில்லை. மேகம் 12 கிலோமீட்டரையும் தாண்டி ஏறும். கோடைக் காற்றில் தூசியும் புகையும் அதிகம். அவை இந்த விஷயத்தில் நுட்பமான வேலை ஒன்றைச் செய்கின்றன. புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனம் 2009-இல் தொடங்கிய கேய்பெக்ஸ் என்ற திட்டத்தில் ஆய்வு விமானத்தை மேகங்களுக்குள் செலுத்தி அளந்தது. அந்தப் பறப்புகளில் தெரியவந்தவற்றில் ஒன்று: காற்றில் துகள்கள் கூடக் கூட, இருக்கும் தண்ணீர் எண்ணற்ற சிறு துளிகளாகப் பங்குபோடப்படுகிறது, சிறு துளிகள் எளிதில் ஒன்றுசேர்வதில்லை, மழைத்துளி உருவாக மேகம் இன்னும் உயரமாக ஏற வேண்டியிருக்கிறது. அதாவது கீழேயே மழையாகக் கொட்டித் தீர்ந்திருக்க வேண்டிய தண்ணீர், உறைநிலை உயரத்தைத் தாண்டி மேலே போய், மீக்குளிர்ந்த துளிகளாக நிற்கிறது. தூசி படிந்த கோடை வானம், கழுவிவிட்ட சாரல் வானத்தைவிட விமானத்துக்குப் பொல்லாதது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இனி காது சமாச்சாரம். மின்னல் எப்படிப் பிறக்கிறது? மீக்குளிர்ந்த நீர் உறைந்து உறைந்து உருண்ட சிறு பனிக்குருணைகள், மென்மையான பனிப்படிகங்களோடு மோதி விலகும்போது ஒன்றுக்கு ஒரு மின்னூட்டமும் மற்றதற்கு எதிர் மின்னூட்டமும் ஏறுகின்றன. மேல்நோக்கிய காற்று படிகங்களை உச்சிக்குத் தூக்கிச் செல்ல, குருணைகள் நடுவிலேயே தங்க, மேகத்துக்குள் மின்னூட்டம் பிரிகிறது. இந்த மோதலில் மின்னூட்டம் வலுவாகப் பிரிய, கூடவே மீக்குளிர்ந்த நீர் இருக்க வேண்டும். ஆக, ஒரு மேகம் இடிக்கிறதென்றால், அதற்குள் 0 டிகிரி உயரத்துக்கு மேலே பனிக்குருணை, படிகம், மீக்குளிர்ந்த நீர் ஆகிய மூன்றும் கூடியிருக்கின்றன. விமானத்தில் பனி படிய வேண்டிய எல்லாமே அங்கே தயார்.

இப்போது குற்றாலத்துச் சீசனை நினைத்துப் பாருங்கள். எத்தனை வாரம் சாரல் அடித்தாலும் இடிச்சத்தம் அரிதிலும் அரிது. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் வானம் பிளப்பதுபோல் இடிக்கும். இந்த வேறுபாட்டை இங்குள்ள விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். அது மேகத்துக்குள் பனி இருக்கிறதா இல்லையா என்பதன் நேரடி அறிவிப்பு என்பதைத்தான் அறிவியல் பின்னால் வந்து சொன்னது. 2024 மே 17 அன்று மலைமேல் பெய்த கோடை மழையால் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. சீசன் தொடங்குவதற்கு முந்தைய வெள்ளம் அது. சாரல் மழை அருவியை நாள்கணக்கில் நிதானமாக நிறைக்கும்; கோடை மேகம் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடும். மேலே விமானிகள் சுற்றிப் போவதும், கீழே அருவிக்கரையில் உள்ளவர்கள் கரையேற வேண்டியதும் ஒரே வகை மேகத்துக்காகத்தான்.

மேகத்துக்குள் பனி இருக்கிறதா என்பதை ஆலங்கட்டியை வைத்து அளக்க முடியாது. இந்தப் பக்கம் ஆலங்கட்டி விழுவது அபூர்வம்தான். ஆனால் அது பிறப்பது அபூர்வம் என்று பொருளில்லை. ஐந்து கிலோமீட்டர் வெப்பக் காற்றின் வழியே விழுவதற்குள் உருகிவிடுகிறது. கோடை மழையின் தொடக்கத்தில் புழுதியில் பொத்துப் பொத்தென்று விழும் பெரிய துளிகளில் பல, மேலே பனிக்குருணையாக இருந்தவையே.

இடி ஒன்றை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலிலோ குமரிக்கடலிலோ காற்றழுத்தத் தாழ்வு நிலைகொண்டால், இடியே இல்லாமல் நாள் முழுக்க மூடாக்குப் போட்டு அடைமழை பெய்யும். அந்த மேகத்தட்டு 0 டிகிரியைக் கடந்து பல கிலோமீட்டர் மேலே பரந்திருக்கும். இடிமேகத்தில் தண்ணீர் அதிகம், ஆனால் விமானம் அதை ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடும்; மூடாக்கு மேகத்தில் தண்ணீர் குறைவு, ஆனால் நூறு கிலோமீட்டருக்கு விடாது. மெல்ல மெல்லச் சேரும் பனி அங்கே உண்டு.

இதில் விமானத்தின் வகை முக்கியம். ஜெட் விமானம் மீக்குளிர்ந்த நீர் நிற்கும் அந்த 16,000–27,000 அடி அடுக்கைச் சில நிமிடங்களில் ஏறிக் கடந்துவிடும். அதன் வேகத்தில் காற்று நெருக்குண்டு மேற்பரப்பு சில டிகிரி சூடாகவும் செய்யும். எஞ்சினிலிருந்து எடுத்த வெந்நிலைக் காற்று இறக்கையின் முன்விளிம்பைக் காய்ச்சும். சென்னைக்கும் தூத்துக்குடி வாகைக்குளத்துக்கும் இடையே பறந்துவந்த ஏ.டி.ஆர். 72 போன்ற டர்போபிராப்பின் நிலைமை வேறு. அதன் உச்சவரம்பே 25,000 அடி. அது நிலையாகப் பறக்கும் 17,000, 18,000, 20,000 அடிகள் நம் வானத்தில் பனிப்படிவு அடுக்குக்குள்ளேயே விழுகின்றன. இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் உறை உண்டு. அதைக் காற்றடைத்து உப்பவைத்துப் பனியை உடைத்துத் தள்ளுவார்கள். நல்ல ஏற்பாடுதான். எல்லை உண்டு என்பதும் தெரிந்ததுதான்.

அந்த எல்லையை உலகம் 1994 அக்டோபர் 31 அன்று கண்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரோஸ்லான் என்ற ஊருக்கு மேலே, சிகாகோவில் இறங்க முறைக்காகக் காத்து ஏ.டி.ஆர். 72 ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது. மேகத்தில் வழக்கமான நுண்துளிகளோடு தூறல் அளவுக்குப் பெரிய மீக்குளிர்ந்த துளிகள் இருந்தன. அவை ரப்பர் உறையில் பட்டதும் உறையாமல் பின்னால் வழிந்து, உறைக்கு எட்டாத இடத்தில் மேடாக உறைந்தன. விமானத்தைச் சாய்க்கும் பின்விளிம்புப் பலகை காற்றின் போக்கு கலைந்து தானே திரும்பிக்கொள்ள, விமானம் புரண்டு விழுந்தது. 68 பேர் இறந்தார்கள். அதுவரை விமானங்களைச் சோதித்த விதிகள் 1940-களில் அளந்த மேகங்களை அடிப்படையாகக் கொண்டவை. துளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் என்று அவை எண்ணவில்லை. பெரிய துளிகளுக்கான புதிய சோதனை விதி அமெரிக்காவில் 2015-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இருபதாண்டுத் தாமதம். இதைப் பொறுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இந்தியானா குளிர்நாடு. கியூபா அப்படியில்லை. கரும்பும் வாழையும் விளையும் அந்தத் தீவில் 2010 நவம்பர் 4 அன்று, புயல் நெருங்கிவந்த நேரத்தில், சாந்தியாகோவிலிருந்து ஹவானாவுக்குப் பறந்த ஏ.டி.ஆர். 72 விமானம் 20,000 அடியில் கடும் பனிப்படிவில் சிக்கி விழுந்தது. இறந்தவர்கள் 68. பிரேசிலில் 2024 ஆகஸ்ட் 9 அன்று வின்யெடோ நகரின் குடியிருப்பில் ஏ.டி.ஆர். 72 ஒன்று சுழன்று விழுந்து 62 பேர் மாண்ட காட்சியை உலகமே பார்த்தது. அது 17,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. 12,000 அடிக்கும் 21,000 அடிக்கும் இடையே கடும் பனிப்படிவு இருக்கும் என்ற முன்னறிவிப்பு இருந்ததையும், பனி நீக்கும் அமைப்பு போட்டும் அணைத்தும் இயக்கப்பட்டதையும் விசாரணையின் முதற்கட்ட அறிக்கை பதிவுசெய்தது. வெயில் நாட்டில் வாழ்பவர்களுக்கு இது தொடர்பில்லாத ஆபத்து என்று சொல்ல இந்த இரண்டு விபத்துகளுக்குப் பிறகு யாருக்கும் இடமில்லை.

மைனஸ் 40 டிகிரி உயரத்தில் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது; அங்கே எல்லாம் படிகம். படிகம் இறக்கையில் ஒட்டாது என்பதால் அந்த உயரம் பத்திரம் என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 2009 ஜூன் 1 அன்று நிலநடுக்கோட்டருகே அட்லாண்டிக் கடலின் மேல், 35,000 அடியில், ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் பிட்டோ குழாய்களைப் பனிப்படிகங்கள் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் அடைத்தன. வேகமானி பொய்யுரைத்தது, தானியங்கி விலகிக்கொண்டது, விமானிகள் நிலைமையைப் புரிந்துகொள்ளவில்லை. 228 பேரும் இறந்தனர். எஞ்சினுக்குள் நடப்பது இன்னும் விசித்திரம். படிகங்கள் உள்ளே உறிஞ்சப்பட்டு, சூடான உலோகத்தில் பட்டு உருகி, அந்த ஈரத்தில் மேலும் படிகங்கள் ஒட்டி, உலோகம் குளிர்ந்து, கடைசியில் வெந்நிலையில் இருக்க வேண்டிய இடத்திலேயே பனி வளர்கிறது. அது பெயர்ந்து விழும்போது எஞ்சின் தடுமாறும், சில வேளை அணையும். இப்படி நூறு நிகழ்வுகளுக்குமேல் பதிவாகியிருப்பதாக 2000-களில் போயிங் நிறுவன ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவற்றில் பெரும்பகுதி, கடல்கள் சூடான ஆசிய, பசிபிக் வட்டாரத்தில் நடந்தவை. 2013 நவம்பரில் ஒரு வகை ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின் பொருத்திய 787, 747-8 விமானங்கள் இடிமேகங்களிலிருந்து 50 கடல்மைல், அதாவது 90 கி.மீ.க்கு மேல் விலகிப் பறக்க வேண்டும் என்று போயிங் அறிவுறுத்தியது. ஜப்பான் ஏர்லைன்ஸ் டோக்கியோ–டெல்லி வழித்தடத்திலிருந்து தன் 787-களையே எடுத்துவிட்டது. ஏர் இந்தியாவின் 787-களில் இருப்பதும் அதே வகை எஞ்சின்தான். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நம்மவர்கள் போகும் வழி சூடான வங்கக்கடலின் மேலே போகிறது. கோபுர மேகத்தின் உச்சியில் விரியும் வெண்தட்டில் படிகம் நிறைந்திருந்தாலும், மழைத்துளியைத் தேடும் விமான ராடாரில் அது மங்கலாகவே தெரியும். ஆகவே உச்சித்தட்டைத் தாண்டி விலகுவதே வழி.

சாரல் மேகம் முழுக்க நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. பெட்ரோலில் ஓடும் சிறிய பயிற்சி விமானங்களில் கார்புரேட்டர் இருக்கிறது. அதன் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து விரிவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் வெப்பநிலை 20 டிகிரிக்குமேல் சரியலாம். வெளியே 25 டிகிரி, காற்றில் ஈரம் 80 விழுக்காடு: குற்றாலத்துச் சீசனின் சாதாரண நாள். அந்த நாளில், மேகத்துக்குள் புகாமலே, தாழப் பறக்கும்போதே, கழுத்தில் பனி வளர்ந்து எஞ்சின் மூச்சடைக்கும். வெயில் கொளுத்தும் வறண்ட நாளில் இந்தத் தொல்லை குறைவு. அதனால்தான் பயிற்சி மாணவர்களுக்கு இறங்கத் தொடங்குமுன் கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திறந்துவிடும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஊட்டுகிறார்கள். உயரத்தில் சாரலுக்கும் கோடைக்கும் சொன்ன கணக்கு, தரையருகே சிறு எஞ்சினுக்கு அப்படியே தலைகீழ்.

எங்கே பனி படியும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்னும் கடினமான வேலைதான். பலூன் வெப்பநிலையையும் ஈரத்தையும் சொல்லும்; மேகத்தில் தண்ணீர் எத்தனை கிராம் மீக்குளிர்ந்து நிற்கிறது என்று சொல்லாது. ராடார் மழையைக் காட்டும். மழையாகாத நுண்துளியைக் காட்டாது. தென்னிந்திய வானத்துக்கான எச்சரிக்கைகளைச் சென்னையிலுள்ள வானிலைக் கண்காணிப்பு அலுவலகம் வெளியிடுகிறது. அதற்கு மிக நம்பகமான சேதி, சற்று முன் அந்த வழியே போன விமானி வானொலியில் சொல்லும் இரண்டு வரிதான்: இந்த உயரத்தில், இந்த நேரத்தில், இவ்வளவு பனி. சொல்லாமல் போன ஒவ்வொரு விமானமும் அடுத்த விமானத்துக்கு ஓர் இடைவெளியை விட்டுச் செல்கிறது. நம் வழித்தடங்களில் இதைக் கண்டிப்பான வழக்கமாக்க வேண்டும் என்பது என் கருத்து. செலவில்லாத காரியம் அது.

தென்கோடி வானத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். தென்காசியை ஒட்டிய மலைகள் அதைவிடத் தாழ்ந்தவை. உறைநிலை உயரமோ 5 கி.மீ. இரண்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டருக்குமேல் வெப்பக் காற்று இருக்கிறது. பனி சேரத் தொடங்கிய ஏ.டி.ஆர். விமானி 14,000 அடிக்கு இறங்க அனுமதி கேட்டுப் பெற்றால், எந்த மலையிலும் மோதும் அச்சமின்றி, சில நிமிடங்களில் பனி தானாக உருகி விழும். சிகரங்களே உறைநிலை உயரத்துக்கு மேலே நிற்கும் லடாக்கிலும் காஷ்மீரிலும் அப்படி இறங்க இடமில்லை. வின்யெடோவில் 12,000 அடிக்குக் கீழே எச்சரிக்கை இல்லை. இறங்கினால் தப்பிக்கும் காற்று அங்கேயும் இருந்தது. தண்டில் வெள்ளை ஏறியதைக் கண்டு, வேகம் குறையுமுன் அனுமதி கேட்கும் அந்த ஓரிரு நிமிடங்களுக்குள் இறக்கம் தொடங்கியிருக்க வேண்டும்.